வார்த்தைகளைக் குடிவைத்த வெனிலா டீச்சர்

வெனிலா என்று பெயர் வைத்துக்கொண்டு பிளஸ் டூ பிள்ளைகளின் முன்னால் போய் நிற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். டியூஷனின் முதல் நாளே கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“டீச்சர், கப்புலயா, கோனுலயா?”

கேட்டவன் ஆண்டோ. கேள்வியைப் போட்டுவிட்டு, தரையில் விழாத எதையோ தேடுபவன்போலக் குனிந்துகொண்டான். வெனிலா கையிலிருந்த பிரம்பைத் தூக்கிக் காட்டினாள்.

“ரெண்டும் இல்ல. குச்சி.”

வகுப்பு சிரித்தது. அந்தப் பிரம்பை அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்தாள்.

ஒலக்கூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் மாதாபுரம் வரும். ஒரு கோயில், ஒரு கைப்பம்பு, ஒரு டீக்கடை, பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அந்த ஊரில் பி.ஏ. இங்கிலீஷ் படித்த முதல் ஆள் வெனிலா. அவள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆளும் அவள்தான். அப்பா திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா லூசியா மல்லாட்டை உரிக்கப் போவாள்.

திண்டிவனத்தில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் வெனிலா வார்த்தை சேர்த்தாள். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை கிழிந்த ஒரு குண்டு அகராதியை வாங்கி வந்து, மற்ற பெண்கள் தாவணிக்குப் பொருத்தமாக வளையல் தேடுகிற நேரத்தில், இவள் ‘சோம்பேறித்தனத்துக்கு’ இங்கிலீஷில் எத்தனை வார்த்தை இருக்கிறது என்று தேடினாள். நிறையவே இருந்தன. அத்தனையும் மனப்பாடம். பேசுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பட்டம் வாங்கியதும் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு இன்டர்வியூவுக்குப் போனாள். பஸ் வழியில் நின்றுவிட்டதால் அரை மணி லேட். ஏன் லேட் என்று தாளாளர் இங்கிலீஷில் கேட்டார். தாமதத்துக்கும் அவளுக்கு ஏழெட்டு வார்த்தை தெரியும். ஏழும் எட்டும் சேர்ந்து வாசலில் நெருக்கிக்கொண்டதில் ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “பஸ் சார்.”

வேலை கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். இத்தனை வார்த்தையைச் சேர்த்து வைத்தது எதற்கு? ஒன்றுகூட ஏன் கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை? தான் படித்தது படிப்பா, பரண் மேல் அடுக்கி வைத்த பாத்திரமா?

பதில் தெரியாமலேதான் டியூஷனை ஆரம்பித்தாள். கோயிலை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் சொல்லித்தரும் கூடம் ஒன்று இருந்தது. வார நாளில் அது சும்மாதான் கிடக்கும். சாவி ஊர் நாட்டாமை சவரிராயனிடம். அவர் பெண் இருதயசெல்வியும் பிளஸ் டூ என்பதால் சாவி கிடைத்தது. ஆனால் கூடவே ஒரு வாக்கியமும் வந்தது.

“மாதா திருவிழா வரைக்கும் வச்சிக்கோ பொண்ணு. அதுக்கப்புறம் நம்ம மச்சான் சவுண்டு செட்டுப் பொட்டிய வைக்க எடம் கேக்கறான். பாக்கலாம்.”

திருவிழா பிப்ரவரியில். பரீட்சை மார்ச்சில். நடுவில் இருக்கிற வாரங்கள்தான் பிள்ளைகளுக்கு முக்கியம். வெனிலாவின் வீட்டில் ஒரே அறை. அதில் பாதியில் மல்லாட்டை மூட்டை, மீதியில் ஆடு. கூடம் போனால் வகுப்பும் போகும். அந்தப் ‘பாக்கலாம்’ அவள் தலைக்கு மேல் ஃபேன்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

முதல் மாதம் எல்லா டீச்சரும் செய்வதையே அவளும் செய்தாள். போர்டில் வார்த்தை, எதிரே அர்த்தம், பத்து முறை எழுது. பிள்ளைகள் எழுதினார்கள். மறுநாள் காலையில் எல்லாம் மறந்து, பனி துடைத்த இலைபோல வந்து உட்கார்ந்தார்கள். பெற்றோர்கள் வேறு, “ஏம்மா, இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டார்கள். வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஏதாவது ஒரு அறையில் போய் உட்கார்ந்து ‘பஸ் சார்’ என்று சொல்லக்கூடாது. அதை எப்படிப் பெற்றோரிடம் விளக்குவது?

ஒரு நாள் போர்டில் ‘காருலஸ்’ என்று எழுதினாள். ஓயாமல் வளவளவென்று பேசுகிறவர் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து மரக்காணத்து மீன் கூடையோடு அஞ்சம்மாள் ஜன்னலுக்கு வெளியே போனாள். போகும்போது கைப்பம்போடு ஏதோ தகராறு செய்துகொண்டிருந்தாள்.

“டீச்சர்,” என்றான் ஆண்டோ, “அஞ்சம்மா அக்கா காருலஸா?”

“ஏன்டா அப்படிச் சொல்ற? இங்கிலீஷ்ல சொல்லு.”

ஆண்டோ தலையைச் சொறிந்தான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தான். “ஷி… டாக்ஸ்… டு த ஃபிஷ் ஆல்சோ.”

மீனோடும் பேசுகிறாள்! அதைவிட நல்ல சாட்சி அகராதியில்கூட இல்லை. மறுநாள் காலை கேட்டபோது, வகுப்பில் ஒருவர்கூட அந்த வார்த்தையை மறக்கவில்லை. வெனிலாவுக்கு ஏதோ புரிந்தது. வார்த்தைகள் தங்குவதற்கு வீடு இல்லாமல்தான் ஓடிப்போகின்றன.

அன்றிலிருந்து மாதாபுரத்தில் வார்த்தைகளைக் குடிவைக்கும் வேலை ஆரம்பித்தது. தினமும் ஐந்து வார்த்தை. “இந்த வார்த்தைய யார் வீட்ல குடிவைக்கலாம்?” என்று டீச்சர் கேட்பாள். யார் பேரை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சாட்சி சொல்ல வேண்டும், அதுவும் இங்கிலீஷில். எதிர்க் கட்சிக்காரர்கள் மறுக்கலாம், அவர்களும் இங்கிலீஷில். சாட்சி நின்றால் வார்த்தை அந்த வீட்டில் குடியேறும். முக்கியமான சட்டம் ஒன்று: கூடத்துக்கு வெளியே மூச்சு விடக்கூடாது.

மந்தமான ‘லெதார்ஜிக்’ திண்டிவனம் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வம்புச் சண்டைக்குப் போகிற ‘பெலிஜரன்ட்’ லூசியாவின் கிடா ஆட்டுக்குப் போனது. அதை எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை. எல்லோர் முட்டியிலும் சாட்சி இருந்தது. வாயே திறக்காத போஸ்ட்மேன் முத்துசாமிக்கு ‘டாசிடர்ன்’. பிள்ளைகள் மறந்தும் மறக்கவில்லை. வாதாடுகிற வேகத்தில் தப்புத்தப்பாகவாவது வாக்கியம் வாக்கியமாகப் பேசினார்கள். வெனிலாவும் பேசினாள். தன் வாயிலிருந்து முழு வாக்கியம் வெளியே வருவதைக் கண்டு அவளே ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள்.

ஒரு நாள் ‘பாம்பஸ்’ என்ற வார்த்தை வந்தது. தன்னைத்தானே பெரிய மனுஷனாக நினைத்துக்கொண்டு பந்தா காட்டுகிறவர். வெனிலா யாரையாவது பார்ப்பதற்குள் இருதயசெல்வி எழுந்துவிட்டாள்.

“மை ஃபாதர், டீச்சர்.”

“வேணாம்டி,” என்றாள் வெனிலா. “வேற ஆள் சொல்லு.”

“டீச்சர், சாட்சி இருக்கா இல்லியா, அத மட்டும் பாருங்க. சட்டம் நீங்க போட்டது.”

சாட்சி இருந்தது. ஒன்று, மைக் டெஸ்ட் பண்ணும்போது எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்; அப்பா மட்டும் தன் பேரையே மூன்று முறை சொல்லிப் பார்ப்பார். இரண்டு, ஊரில் வரும் கல்யாணப் பத்திரிகைகளில் ‘நாட்டாமை சவரிராயன் முன்னிலையில்’ என்று இருக்கும் வரியை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். மூன்று, தன் சொந்த வீட்டுக்குள் நுழையும்போதுகூட, யாராவது எழுந்து நிற்பார்களா என்று வாசலில் இருமிவிட்டுத்தான் நுழைவார்.

எதிர்த்துப் பேச ஆண்டோவால்கூட முடியவில்லை. வார்த்தை குடியேறியது.

சட்டத்தைப் பிள்ளைகள் எத்தனை நாள் காப்பாற்றுவார்கள்? முதலில் அஞ்சம்மாள் வெனிலாவை வழிமறித்தாள். “இந்தாம்மா வெனிலா, பசங்க என்னைக் கண்டா காருலஸ் காருலஸ்ன்னு சொல்லிக்கினு ஓடறானுங்களே, அப்படின்னா இன்னா? நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா? எங்க வூட்டுக்காரரு இருந்த காலத்துல இப்படித்தான் ஒருத்தன்…” என்று ஆரம்பித்தவள், வெனிலாவின் பதிலுக்கு இடமே விடாமல், கூடையில் இருந்த கடைசி வவ்வால் மீன் விற்றுப்போகும் வரை பேசிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. திருவிழாவுக்குக் கொடியேற்றிய மறுநாள், சவரிராயன் கூடத்து வாசலில் வந்து இருமினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாட்சி நம்பர் மூன்று கண்ணெதிரே நடந்ததில் பாதிப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“டீச்சரம்மா, செத்த வெளிய வா.” அவர் விரலில் கூடத்துச் சாவி தொங்கியது. “டீக்கடையில பசங்க என்னப் பாத்து பாம்பஸ்ஸுன்னு சொல்றானுங்க. அது இன்னா பாம்பஸ்ஸு?”

சாவி ஆடியது. உள்ளே அத்தனை காதும் ஜன்னலுக்கு வந்திருந்தன.

“அது வந்து மாமா… பாத்தாலே தெரியணும்னு… பெரிய மனுஷன் மாதிரி நடந்துக்கறவங்களுக்குச் சொல்றது.”

இதில் பொய் ஏதும் இல்லை. ‘தன்னைத்தானே’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் விழுங்கியிருந்தாள்.

சவரிராயன் முகம் மெதுவாக மலர்ந்தது. “அப்ப பட்டம் மாதிரி.”

“…ஆங்.”

“நம்ம ஊரு பசங்க எனக்கு இங்கிலீஷ்ல பட்டம் குடுத்துருக்கானுங்க. நானே கேட்டுத் தெரிஞ்சிக்க வேண்டியிருக்கு பாரேன்!” என்று அவர் மீசையைத் தடவினார். வெனிலா திரும்பி வகுப்புக்குள் போனபோது, இருதயசெல்வி மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் ஒருவருக்குப் பட்டம் கிடைத்தால் அது டிஜிட்டல் பேனரில் ஏறாமல் இருக்காது. இரண்டு நாள் கழித்து லூசியாதான் சேதி கொண்டுவந்தாள். “நாட்டாமை திண்டிவனத்துல பெரிய பேனர் அடிக்கறாராம்டி. பேருக்கு முன்னால என்னமோ இங்கிலீஷ்ல வருதாம். நீ குடுத்ததாம். ஊரே உன்னப் பத்திதான் பேசிக்கினுகீது.”

திருவிழாப் பூசைக்குப் புதுச்சேரியிலிருந்து ஃபாதர் மரிய அருண் வருகிறார். ரோமாபுரியில் படித்தவர், இங்கிலீஷில் புத்தகமே எழுதியவர் என்று பேச்சு. அவர் கண்ணில் அந்தப் பேனர் பட்டால் என்ன ஆகும்? நாட்டாமைக்கு அர்த்தம் தெரிந்தால் சாவி என்ன ஆகும்? வெனிலா அடுத்த பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் போனாள். பஸ் லெதார்ஜிக்காகவே போனது.

பேனர் கடை வைத்திருந்தவர் ஜம்புகுமார், செஞ்சிப் பக்கத்துக்காரர். “அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திடலாமாங்க?” என்று கேட்டாள் வெனிலா. “மேக்னானிமஸ்னு போட்டுருங்க. பெருந்தன்மையானவருன்னு அர்த்தம்.”

ஜம்புகுமார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “நாட்டாமை நேத்தே வந்து பாத்துட்டு ஓகே சொல்லிட்டாருங்க. அந்த வார்த்தைய இன்னும் பெருசு பண்ணச் சொன்னாரு. எடம் பத்தலியேன்னேன். ‘மூஞ்சியச் சின்னது பண்ணிக்கோ’ன்னுட்டாரு. இந்தத் தொழில்ல இத்தினி வருஷத்துல மூஞ்சியச் சின்னது பண்ணச் சொன்ன மொத ஆளுங்க அவரு.”

போட்டோவில் சவரிராயன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, தபால் தலை அளவில் நின்றார். மேலே வார்த்தை தேர்போல நின்றது.

திருவிழாவன்று சாயங்காலம் பேனர் கோயில் வாசலில் இருந்தது. ஃபாதர் மரிய அருண் காரிலிருந்து இறங்கினார். பேண்டு வாத்தியம் அடங்கியது. ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். வார்த்தை அங்கேயே இருந்தது.

“தோத்திரம் சாமி,” என்றார் சவரிராயன், அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு.

“நாட்டாமை, இந்தப் பட்டம் யார் குடுத்தது?”

“நம்ம டீச்சரம்மாதான் சாமி. பசங்க எல்லாம் கூடிப் பேசி, சாட்சி எல்லாம் வச்சி, ஒருமனதா குடுத்தது.”

ஃபாதர் வெனிலாவின் பக்கம் திரும்பினார். நாட்டாமைக்கு இதன் அர்த்தம் தெரியுமா என்று தணிந்த குரலில் இங்கிலீஷில் கேட்டார். வெனிலா வாயைத் திறந்தாள். அவள் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் வாசலில் வந்து நெருக்கிக்கொண்டன. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு, விழுப்புரத்தில் வந்த அதே வார்த்தை வந்து நின்றது.

“பஸ்… ஃபாதர்…”

“ஃபாதர், ஐ கேன் எக்ஸ்ப்ளெய்ன்,” என்றது ஒரு குரல்.

இருதயசெல்வி. பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், முகத்தில் கொஞ்சமும் பயமில்லை. ஃபாதருக்கு எதிரே வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தன் அப்பா ஏன் பாம்பஸ் என்பதை இங்கிலீஷில் சாட்சியோடு சொல்ல ஆரம்பித்தாள். மைக். கண்ணாடி போட்ட பத்திரிகை. வாசல் இருமல். ஃபாதர் நடுவில் குறுக்கிட்டு, பொறுப்பில் இருக்கிறவருக்கு அந்த மிடுக்கு தேவைதானே என்று கேட்டார். மிடுக்கு வேறு, இது வேறு என்று அவள் ‘டிக்னிஃபைட்’ என்ற வார்த்தையை எடுத்துப் போட்டு, அது பக்கத்து வீட்டு வீரம்மாளிடம் ஏற்கெனவே குடியிருக்கிறது என்றாள். ஃபாதர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் சுற்றி நின்றது. பெரியவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சவரிராயனுக்கோ மார்பு விரிந்துகொண்டே போனது. ரோமாபுரியில் படித்த சாமியாரோடு தன் பெண் சரிக்குச் சரி இங்கிலீஷ் பேசுகிறாள்!

“மூச்சு வுடறாளா பாரு,” என்றார் பக்கத்தில் நின்ற லூசியாவிடம். “என்னப் பத்திதான் பேசறா. கவனிச்சியா? ஃபாதர் ஃபாதர்ன்னு எத்தினி வாட்டி வந்துச்சி!”

“அந்த ஃபாதர் இந்த ஃபாதரா இருக்கப் போறாரு,” என்றாள் லூசியா.

“உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு. இத மைக்ல பேசணும். சாமி, எம்பொண்ண மைக்ல பேசச் சொல்லுங்க, ஊரே கேக்கட்டும்!”

ஃபாதர் அவசரமாகக் குறுக்கே கை நீட்டினார். “வேணாம் நாட்டாமை, பூசைக்கு நேரமாச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். உங்க பொண்ணு மாதிரி இங்கிலீஷ்ல வாதாடற பிள்ளைய நான் டவுனு காலேஜ்லகூடப் பாத்ததில்ல. எங்க படிச்சா?”

“இங்கதான் சாமி. நம்ம கூடத்துல. நான்தான் சாவி குடுத்தது,” என்றவர், விறுவிறுவென்று போய் மைக்கைப் பிடுங்கினார். “ஹலோ. நாட்டாமை சவரிராயன். ஹலோ, நாட்டாமை சவரிராயன்.”

பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு வெடிச் சிரிப்பு எழுந்தது. அதைக் கைத்தட்டலாக எடுத்துக்கொண்டு அவர் தொடர்ந்தார். “நாட்டாமை சவரிராயன் பேசறேன். டியூஷன் கூடம் இனிமே டீச்சரம்மாவுக்குத்தான். சாவியும் அவங்ககிட்டயே இருக்கும். மச்சான், உன் சவுண்டு பொட்டிய எங்க மாட்டுக் கொட்டாயில வச்சிக்கோ.”

மச்சான் கோபத்தில் வால்யூமைக் குறைத்துவிட்டார். ஆனால் சேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருவிழா முடிந்ததும் பேனரை அவிழ்த்து, மாட்டுக் கொட்டகையில் அந்தப் பெட்டிகள் நனையாமலிருக்கக் கூரையில் போட்டார்கள். வார்த்தை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. சாவி வெனிலாவின் இடுப்பில் கிடந்தது, ஆனால் அது உறுத்தியது. சாவியை அவள் வாங்கினாளா, விழுங்கிய சொல் வாங்கிக் கொடுத்ததா? மனசு கேட்காமல் ஒரு நாள் சவரிராயன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. அவர் டீ கொடுத்தார். சுவரில் கண்ணாடிக்குள் பத்திரிகை வரிகள் பளபளத்தன. மல்லாட்டை இந்த வருஷம் எப்படி, மழை எப்படி என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் ‘இவேசிவ்’ என்று எழுதினாள். நேராகப் பதில் சொல்லாமல் நழுவுகிறவர். “யார் வீட்ல குடிவைக்கலாம்?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் ஆண்டோ எழுந்தான். நாட்டாமை அர்த்தம் கேட்டபோது டீச்சர் ஒரு சொல்லை விழுங்கியது சாட்சி நம்பர் ஒன்று. ஃபாதர் கேட்டபோது ‘பஸ்’ என்றது நம்பர் இரண்டு. நேற்று நாட்டாமை வீட்டுக்குப் போய் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தது நம்பர் மூன்று; அதற்கு அந்த வீட்டிலேயே நேரடிச் சாட்சி உண்டு. இருதயசெல்வி கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாம் நல்ல இங்கிலீஷில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

“டீச்சர், நீங்க இன்னா சொல்றீங்க?” என்றான் ஆண்டோ.

வெனிலா ஜன்னல் பக்கம் திரும்பி, முட்டுக் கொடுத்திருந்த பிரம்பைச் சரிசெய்தாள்.

“மணி இன்னா ஆச்சு?” என்றாள்.

“சாட்சி நம்பர் நாலு,” என்றாள் இருதயசெல்வி.